தவிட்டுக்கு விற்ற மூன்றாம் நம்பர்

ஜொகூரில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மூன்று நீராவி எஞ்சின்கள் வந்தன. ஒரே பட்டறையில் ஒரே மாதிரி செய்து, ஒரே கப்பலில் சிங்கப்பூரில் இறக்கி, பெட்டி பெட்டியாக ரயிலில் பாலோ ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தார்கள். சீனப் பிட்டர் ஒருவர் அவற்றைப் பூட்டி நிறுத்தினார். முதலாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று பித்தளைத் தகடு இருந்தது. தகட்டைக் கழற்றிவிட்டால் எது எது என்று செய்தவனுக்கே தெரியாது.

பெரிய ரயிலைப் பார்த்தவர்களுக்கு இவற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும். நாலே சக்கரம், முதுகில் தண்ணீர்த் தொட்டி, நெட்டையாக ஒரு புகைபோக்கி. டிரைவர் நிற்கிற இடத்துக்குக் கூரை கிடையாது. செய்தவர்களிடம் ஜொகூர் மழையைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நாங்கள் நாலு கம்பு நட்டு அத்தாப்பு ஓலை வேய்ந்துகொண்டோம். புகைபோக்கிப் பொறி பட்டு அது அவ்வப்போது எரிந்துபோகும். மறுபடி வேய்வோம்.

காலையில் ஸ்டோரிலிருந்து ரப்பர் ஷீட்டைப் பாலோவுக்குக் கொண்டுபோகவேண்டும். திரும்பும்போது அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஏற்றி வரவேண்டும். சில சமயம் ஊரிலிருந்து புதிதாக வந்த ஆட்களும் மூட்டைகளோடு வருவார்கள். நானும் அப்படி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வந்தவன்தான். ஜெர்மன்காரன் சண்டை முடிந்த சமயம். அப்பா அம்மா இருவரையும் காலரா கொண்டுபோனபின் ஊரில் எனக்குச் சோறு போட ஆளில்லை. கூட்டி வந்த கங்காணி எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். இனிமேல் உனக்கு அப்பனும் ஆத்தாளும் நான்தான் என்று கப்பலிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அழுதேன். கப்பலில் வந்த எல்லோரிடமும் அவர் அதையே சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்ட வரவில்லை. மரத்தைக் காயப்படுத்துகிறேன் என்று என்னை மூன்றாம் நம்பரில் விறகு போடும் வேலைக்கு மாற்றினார்கள். ஈர விறகைப் பிடிக்கவைப்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கைராசி இருந்தது. மழை பெய்தே தீரும் ஊரில் அது உருப்படியான ராசி.

முதலில் போனது முதலாம் நம்பர். பாதையோரச் சதுப்பில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் நிற்கும். கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததால் அதையே மொண்டு ஊற்றினோம். அந்தத் தண்ணீர் கொதித்தால் நுரைத்துப் பொங்கும். பாய்லர் காய்ந்துகொண்டிருக்கும்போதுகூட, தண்ணீர் மட்டம் பார்க்கிற கண்ணாடியில் நிறைய இருப்பதுபோலக் காட்டும். ஒரு நாள் உள்குழாய்கள் வெடித்தன. டிரைவருக்குப் புருவம் இரண்டும் போனதோடு சரி. பிட்டர் சுற்றி வந்து பார்த்துவிட்டு மலாயில் "மாத்தி" என்றார். செத்துவிட்டது என்று அர்த்தம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதையும் வீணாக்காதவர். வெடித்த குழாய்களை அடைத்து, சக்கரங்களைக் கழற்றி, ஸ்டோருக்குப் பக்கத்தில் செங்கல்மேல் அதை உட்காரவைத்து, ரப்பர் பிழிகிற உருளைகளைச் சுற்றவிட்டார். கால் போனவனுக்கு வாசல் காவல் வேலை கொடுத்த மாதிரி.

இரண்டாம் நம்பர் வெடிக்கவில்லை. அமிழ்ந்தது. எங்கள் பாதையில் பாதி தூரம் சதுப்பு. மரக்கட்டைகளைக் குறுக்கே அடுக்கி அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தார்கள். ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றுமில்லை, நின்றால்தான் வம்பு. தீபாவளிக்கு முதல் நாள் கொட்டிய மழையில் அடுப்பு அணைந்து அது நட்டநடுச் சதுப்பில் நின்றுவிட்டது. அதன் டிரைவரும் விறகுக்காரனும் ஈர விறகை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, பண்டிகை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தே நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்துவிட்டார்கள். நல்ல நாளில் எஞ்சினும் ஓய்வெடுக்கட்டும் என்பது அவர்கள் நியாயம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஆட்டுக்கறி தின்று, ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பிப் போனபோது அது சக்கரம் தெரியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மூன்றாம் நம்பரைக் கொண்டுபோய்ச் சங்கிலி கட்டி இழுத்தோம். இரண்டாம் நம்பர் வரவில்லை. மூன்றாம் நம்பர்தான் இறங்கத் தொடங்கியது. எங்கள் டிரைவர் கொக்கியைக் கழற்றச் சொல்லிக் கத்தினார், கழற்றினேன். அதற்குப் பிறகு இரண்டாம் நம்பர் அவசரமில்லாமல் தன் பாட்டுக்கு அமிழ்ந்தது. துரை குடை பிடித்துக்கொண்டு தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். பக்கத்தில் புதுப் பாதை போட்டார்கள். போகும்போதும் வரும்போதும் நாங்களும் பார்த்தோம். பொங்கல் வாக்கில் புகைபோக்கி மட்டும் தெரிந்தது, அதன்மேல் ஒரு மீன்கொத்தி உட்காரும். பிறகு மீன்கொத்திக்கும் இடமில்லாமல் போயிற்று.

அதோடு மூன்றாம் நம்பரில் ஏற ஆளில்லை. மூத்தது இரண்டும் தங்காத வீட்டில் மூன்றாவது தங்குமா என்று லயம் முழுக்கப் பேச்சு. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாலோவுக்கு நடந்தே போனார்கள். எங்கள் டிரைவர் சிங்கப்பூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பினார். என்ன வேலை என்று கேட்டதற்கு, போய்த்தான் பார்க்கவேண்டும் என்றார். துரை என்னைக் கூப்பிட்டு இனி நீ ஓட்டு என்றார். மாட்டேன் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் போய்விட்டார். அப்படித்தான் நான் டிரைவர் ஆனேன்.

பயந்துகொண்டே ஓட்டினேன். அப்போது கங்காணி ஒரு வழி சொன்னார். எங்கள் ஊர்ப்பக்கத்தில் பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், பிறகு பிறக்கிற பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை இன்னொருத்தி மடியில் போட்டுவிட்டால், எமன் பழைய வீட்டில் வந்து தேடிவிட்டு வெறுங்கையோடு போவான். பிள்ளை வளர்வது பெற்றவள் வீட்டில்தான். ஆனால் வாங்கினவள்தான் தாய். மூக்கில் ஒரு வளையமும் போடுவார்கள். ஆபத்து நீங்கியதும் அதே அளவு தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

எஞ்சினை விற்பதற்குத் துரையிடம் கேட்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியும். ஆனால் அவர் தமிழில் வா, போ, எடு, வை இவற்றைத் தாண்டி அதிகம் கிடையாது. அதை வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது.

வாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. பிள்ளை குட்டி உள்ளவள் எவளும் அந்தத் தோஷத்தைத் தன் வீட்டுக்குக் கூப்பிடமாட்டாள். கடைசியில் லயத்துக்குப் பின்னால் நாலைந்து பசு வைத்திருந்த மாட்டுக்காரம்மா சம்மதித்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் என்றோ காய்ச்சலில் போய்விட்டான். காய்ச்சலில் போன அண்ணன் விட்டுச்சென்ற ஒரே பெண்ணை வைத்துக்கொண்டு பால் கறந்து பிழைத்தாள். வாய் கொஞ்சம் நீளம். அவளிடம் தவிடும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாரியம்மன் கோயிலுக்கு எதிரே எஞ்சினை நிறுத்தினேன். சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி அவள் அதைச் சுற்றிப் பார்த்தாள். பேச்சுக் கேட்குமா என்று மட்டும் கேட்டாள். புடிச்சா நிக்கும், விட்டா ஓடும் என்றார் கங்காணி. அது போதும் என்று முறத்திலிருந்த தவிட்டை அவர் துண்டில் கொட்டினாள்.

"இன்னையிலேருந்து இது ஒன் புள்ள. எங்களுக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல," என்றார் கங்காணி.

பிட்டர் முன்பக்கத்து இரும்புப் பலகையில் ஒரு வளையத்தைப் பூட்டிக் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தமிழர்கள் கேட்பதற்குக் காரணம் விசாரித்தால் நேரமாகும் என்பது அவர் கண்ட அனுபவம். தவிட்டைக் கங்காணி வீட்டுக் கோழிகள் அன்றைக்கே தின்று முடித்தன.

ஊர்வாயை அடைக்க ஒரு சடங்கு, அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மாட்டுக்காரம்மா அப்படி நினைக்கவில்லை. என் பிள்ளை சாக்கடைத் தண்ணி குடிக்காது என்று சொல்லிவிட்டாள். கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும் என்று தொட்டியருகே வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை தோறும் அதன் விளக்குக்குக் கீழே திருநீறு பூசினாள். நீளமாக விசில் ஊதினால், தொண்டை கட்டிக்கும், எதுக்குப் போட்டு அழவைக்கிறே என்று என்னைத் திட்டுவாள். லயத்தில் அதற்குத் தவிட்டுப்பிள்ளை என்றே பேராகிவிட்டது. பெண்கள் மறுபடி பிள்ளைகளோடு ஏறினார்கள். பிறகு பத்து வருஷத்துக்குமேல் மூன்றாம் நம்பர் மக்கர் பண்ணாமல் ஓடியது. முதலாம் நம்பரிலிருந்து கழற்றிய சக்கரங்களை எடுத்துப் போட்டதால்தான் என்பார் பிட்டர். மாட்டுக்காரம்மாவுக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை.

அவள் அண்ணன் மகள் தினமும் என் வண்டியில்தான் பாலோவுக்குப் பால் கொண்டுபோவாள். முதலில் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தாள். பால் அலம்புகிறது என்று அடுத்த பெட்டிக்கு மாறினாள். அப்படியே மாறி மாறி எஞ்சினுக்கு அடுத்த பெட்டிக்கு வந்து சேர அவளுக்குச் சில வருஷம் ஆயிற்று. அத்தை பெற்றதோ வாங்கியதோ, பிள்ளை என்றால் பிள்ளைதான். ஆகவே மூன்றாம் நம்பர் அவளுக்கு அத்தை மகன், கட்டிக்கொள்ளும் முறை. பால் வெட்டும் பெண்கள் பாதையோரத்தில் நின்று, என்னடி, மாமன் மடியில ஏறிக் கெளம்பிட்டியா என்று கேலி பேசுவார்கள். அவள் வாயைத் திறக்காமல் சிரிப்பாள். நான் கண்ணாடியில் தண்ணீர் மட்டம் பார்ப்பேன்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. சுற்றி வளைப்பானேன், அவள் வராத நாளில் அந்தப் பாதையே எனக்கு நீளமாகத் தெரிந்தது. கங்காணியை அனுப்பிப் பெண் கேட்டேன். அவர் கிணற்றடியில் நாலு பேர் முன்னால் கேட்டார். மாட்டுக்காரம்மா பால் செம்பைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"மொற இல்லாதவனுக்கு எங்க வீட்டுல பொண்ணு குடுக்கறதில்ல. அவளுக்கு மொற மாப்பிள்ள இருக்கான். அவனத்தான் இவன் ஓட்டிக்கிட்டிருக்கானே."

எஞ்சினிடம் தோற்ற மனிதன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மறுநாள் காலையில் அதற்கு அடுப்பு மூட்டும்போது நாலு வார்த்தை பேசினேன். அது பதில் சொல்லவில்லை. பெண் கிடைக்கிறவனுக்குப் பேச்சு எதற்கு?

பிறகு ரப்பர் விலை விழுந்தது. முதலில் வாரத்தில் சில நாள் பால்வெட்டை நிறுத்தினார்கள். பிறகு மலைப்பக்கத்து மரங்களை அப்படியே விட்டார்கள். அதே சமயம் பாலோ வரைக்கும் மண்ரோடு வந்தது. சீன முதலாளி, தவுக்கே ஒருவரின் லாரி, நாங்கள் ஒரு காலைப்பொழுது முழுக்க இழுத்த சரக்கை ஒரு மூச்சில் கொண்டுபோய்ப் போட்டது. துரை மூன்றாம் நம்பரை நிறுத்தச் சொன்னார். சிங்கப்பூர் இரும்புக் கடைக்காரர் ஒருவர் வந்து, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

எஞ்சின் இல்லை என்றால் டிரைவரும் இல்லை. வேலை இல்லாதவர்களைத் தோட்டமே நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. கல்யாணமாகாதவர்கள்தான் முதலில் போகவேண்டும். இங்கே யாராவது பொறுப்பேற்று வைத்துச் சோறு போடுவதாகச் சொன்னால் மட்டும் போகவேண்டாம். கங்காணி பெயரே போகிறவர்களில் இருந்தது. எனக்கு அப்பனும் ஆத்தாளுமாக இருந்த ஒரே ஆளும் கப்பலில் போனால் எனக்காக யார் பேசுவார்கள்? நாகப்பட்டினத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பயந்துபோயிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அவளை விட்டுப் போகவேண்டும் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

எஞ்சினைப் பிரிக்க ஆட்கள் வருவதற்கு முன் அதைத் துடைத்துவைக்கப் போயிருந்தேன். அழுக்கோடு அனுப்ப மனசு வரவில்லை. பாலை விற்றுவிட்டு நடந்து வந்த அவள் அங்கே நின்றாள்.

"கப்பல்ல போறீங்களா?" என்றாள்.

போகத்தான் வேண்டும் என்றேன். அவள் மூன்றாம் நம்பரின் மூக்கு வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க அத்தைகிட்ட இன்னும் தவிடு இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பால் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாட்டுக்கு எப்போதும் தவிடு இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

மறுநாள் எஞ்சினைப் பிரித்தார்கள். மாட்டுக்காரம்மா வந்து பார்த்தாள். முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். யாரைத் திட்டுகிறாள் என்று யாருக்கும் புரியாததால் யாரும் கோபப்படவில்லை. புகைபோக்கியைக் கழற்றிக் கீழே சாய்த்தபோது தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். சிரிக்கலாம் என்று வந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை. பெற்றவள் அழுகிற அழுகைதான் அது. பிட்டர் அந்த மூக்கு வளையத்தைக் கழற்றி, துணியில் துடைத்து, அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானமே முறத்தில் தவிட்டோடு கங்காணி வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. என்னையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். இவனை எனக்கு விற்றுவிடுங்கள் என்று கேட்டாள். கங்காணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீசை வைத்த ஆளைத் தவிட்டுக்கு வாங்குவார்களா, இவன் என்ன கைப்பிள்ளையா என்றார்.

"அது மட்டும் கைப்புள்ளையா? அத என் தலையில கட்டலியா நீங்க? புகையெல்லாம் உட்டுச்சே," என்றாள். பிறகு குரலை இறக்கினாள். "ஒரு புள்ளைய இரும்புக்காரன் கொண்டுபோறான். இன்னொண்ணக் கப்பல்காரனுக்குக் குடுக்க மாட்டேன்."

கங்காணி என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். தலையில் கை வைத்து யோசித்தவருக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஒன் மவன்னா, ஒன் அண்ணன் மவளுக்கு இவன் அத்தை மவன் ஆயிடுவானே."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் மாட்டுக்காரம்மா. "துண்ட விரிங்க."

துண்டை விரித்தார். தவிடு விழுந்தது. எங்களுக்கும் இவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. கப்பலில் எல்லோரிடமும் சொன்னதை அவர் என்னிடம் மட்டுமாவது நிஜமாகச் சொல்லியிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. என் மூக்கில் வளையம் போடவேண்டும் என்று யாரும் நல்லவேளையாகக் கேட்கவில்லை.

சாயந்திரம் கப்பலில் போகிறவர்களிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்ல ஆபீசுக்குப் போனோம். யார் இவன் என்று துரை கேட்டார். மகன் என்றாள். உனக்கு மகன் இல்லையே, எப்போது பிறந்தான் என்றார். இன்றைக்கு மத்தியானம் என்றாள். துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய தமிழில் அதற்கு மேல் கேட்க வசதியில்லை. "போ," என்றார். போனோம்.

கங்காணி கப்பல் ஏறினார். பாலோ ஸ்டேஷனில் வழியனுப்பும்போது, கல்யாணத்துக்கு முன்னால் தவிட்டைக் கொடுத்து உன்னைத் திருப்பி வாங்குவதுதான் முறை, ஆனால் வாங்கினால் உனக்குப் பெண் கிடைக்காது, அதனால் விட்டுவிடுகிறேன் என்றார். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

நாங்கள் பாலோவுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு மாடு வளர்த்தோம். மூக்கு வளையத்தைக் கொட்டகைத் தூணில் அடித்து, உதைக்கிற பசுவை அதில் கட்டினோம். என் மனைவி கோபம் வந்தால் இன்றைக்கும் மூன்றாம் நம்பரை நினைத்துச் சொல்வாள், மூத்தவருக்கு வாக்கப்பட்டிருந்தால் இவ்வளவு பேச்சுக் கேட்டிருக்கமாட்டேன் என்று. மாட்டுக்காரம்மாவை நான் ஆத்தா என்று கூப்பிடப் பழகச் சில மாதம் ஆயிற்று. அவள் முதல் நாளிலிருந்தே என்னை மகனைத் திட்டுகிற மாதிரி திட்டினாள்.

ரப்பர் விலை மறுபடி ஏறிய காலத்தில் அவள் காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்கவில்லை. சுடுகாட்டில் காரியம் செய்ய வந்தவர் வெளியூர்க்காரர். எங்கள் கதை அவருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் அப்பனுக்கு மூத்தவனும் ஆத்தாளுக்கு இளையவனும் கொள்ளி வைப்பது வழக்கம். மகன் யார் என்று கேட்டார். முன்னால் போனேன்.

"மூத்தவனா, இளையவனா?" என்றார்.

"இளையவன்," என்றேன்.

"மூத்தவரு எங்க?"

"சிங்கப்பூர்ல."

சிங்கப்பூரில் இருப்பவர்கள் சாவுக்கு வந்து சேரமாட்டார்கள் என்பது ஜொகூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் தலையாட்டிவிட்டுக் கொள்ளியை என் கையில் கொடுத்தார். இரவெல்லாம் மழை பெய்திருந்ததால் விறகு ஈரம். நான் குனிந்து, காற்று போக வழிவிட்டு, நன்றாகப் பிடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.